அம்மாவின் காருக்கு அப்பா ஊற்றிய ஆயில்

2024 ஆகஸ்டு 18, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். சேலத்துப் பேருந்திலிருந்து இறங்கி நாமக்கல் பேருந்து நிலையத்தின் வெளிவாசலில் நின்றிருந்தேன். முதுகலைத் தமிழ் இலக்கியத்தின் இரண்டாம் ஆண்டு தொடங்கிய பிறகு நான் ஊருக்கு வருவது அதுவே முதல் முறை. "வண்டி வரும், அங்கயே நில்லு" என்று அம்மா தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

எங்கள் வீட்டில் வண்டி என்றால் ஒன்று அப்பாவின் லாரிகளில் ஏதாவது ஒன்று. இல்லாவிட்டால் அம்மாவின் கோழிப்பண்ணைக்குத் தீவனம் ஏற்றும் வேன். இரண்டையும் எதிர்பார்த்துச் சாலையின் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். தரையோடு ஒட்டிய வயிறும் அகலச் சக்கரங்களும் கொண்ட நீல நிறக் கார் ஒன்று எனக்கு நேராக வந்து நின்றது. வேறு யாரையோ ஏற்றிக்கொள்ள வந்ததென்று எண்ணி விலகி நின்றேன். கண்ணாடி இறங்கியது.

"ஏறு சாமி. பின்னாடி பஸ்காரன் ஆரன் அடிக்கறான்."

ஓட்டுநர் இருக்கையில் அம்மா இருந்தார். பண்ணைக்குப் போகும்போது கட்டும் அதே வாயில் புடவை. செருப்பைக் கழற்றி எனக்கான இருக்கையின் கீழே வைத்துவிட்டு வெறுங்காலால் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினேன்.

"யாருடையது?" என்று கேட்டேன்.

"என்னுது."

ஆனி மாதத்தில் வாங்கினாராம். ஆடியில் வண்டி எடுக்கக்கூடாது என்பதால் அவசரமாக முன்னாலேயே எடுத்துவிட்டாராம். வாராவாரம் என்னோடு பேசிய அவர் ஒருமுறைகூட இதைச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "போன்ல சொன்னா எதுக்கு இதுன்னு கேப்பீன்னு எனக்குத் தெரியும். நேர்ல பாத்தா கேக்க மாட்டே" என்றார். அது உண்மைதான். நான் கேட்கவில்லை.

அவரே சொன்னார். "தீவன வண்டி எம்பதுக்கு மேல போனா ஆடுதல்ல. இத்தன வருசமா அதத்தான ஓட்டறேன். ஆடாத வண்டி ஒண்ணு ஓட்டிப் பாக்கோணும்னு இருந்துச்சு."

பரமத்தி சாலையில் இடைவெளி கிடைத்ததும் அம்மா வலக்காலை மெல்ல அழுத்தினார். என் முதுகு இருக்கையில் போய் அப்பியது. ஐம்பதைக் கடந்த, முட்டைத் தட்டுகளை ஒற்றை விரிசல் இல்லாமல் வேனில் அடுக்கத் தெரிந்த என் அம்மாவுக்கும், என்னைப் பின்னுக்குத் தள்ளிய அந்த விசைக்கும் என்ன தொடர்பு என்று என்னால் சேர்த்துப் பார்க்க முடியவில்லை. அவரோ கண்ணாடியில் பின்னால் வரும் லாரியைப் பார்த்துக்கொண்டு இயல்பாக இருந்தார்.

"அப்பா என்ன சொன்னார்?"

"நல்லாருக்குதுன்னாரு. ஆயில் எப்ப மாத்தறேன்னு கேட்டாரு. மாத்தலீன்னேன். அதுக்கப்புறம் வண்டிகிட்டயே வரல."

இதை விளக்கியாக வேண்டும். எங்கள் வீட்டில் புதிய லாரி வந்தால், முதல் சில நடைகள் ஓடி முடித்ததும் அதைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கும் குழிமேல் நிறுத்துவார்கள். சக்கரங்களின் கீழ் எலுமிச்சை வைத்து, குழியின் விளிம்பில் சூடம் ஏற்றுவார்கள். கம்பெனி ஊற்றி அனுப்பிய ஆயிலைக் கடைசிச் சொட்டுவரை இறக்கிவிட்டு, கொட்டகை மூலையில் நிற்கும் பீப்பாயிலிருந்து எங்கள் ஆயிலை அப்பா தம் கையால் ஊற்றுவார். அதுவரை அந்த லாரியை அவர் "கம்பெனி வண்டி" என்றுதான் சொல்வார். ஊற்றிய பிறகே அது "நம்ம வண்டி". ஓட்டுநர்களும் அப்படியே சொல்வார்கள். பீப்பாயில் இருப்பது கனரக டீசல் வண்டிகளுக்கான 15W-40 என்ற கெட்டி ஆயில். ஆயில் நல்லதா என்பதை அப்பா கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்வார். எங்கள் சாலையில் லாரி வைத்திருக்கும் எல்லாரும் அப்படித்தான்.

ஆக, வீட்டுக்கு வந்து இத்தனை நாளாகியும் அம்மாவின் கார் இன்னும் கம்பெனி வண்டியாகவே இருந்தது.

அம்மா நேராக வீட்டுக்குப் போகவில்லை. அப்பா வழக்கமாக ஆயில் வாங்கும் கடையின் முன் காரை நிறுத்தினார். ஞாயிறென்பதால் கதவைப் பாதிதான் தூக்கியிருந்தார்கள். முதல் ஆயில் மாற்றத்துக்கு இன்னும் நாளிருந்தது. ஆனால், ஷோரூமில் எதை ஊற்றுகிறார்கள் என்பதைத் தாம் பார்க்க முடியாது, டப்பாவைத் தாமே வாங்கிக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் சரி என்பது அம்மாவின் முடிவு. காரின் கையேட்டை எடுத்து என் மடியில் வைத்தார்.

"இங்கிலீசுல இருக்குது. எழுதியிருக்கறத மட்டும் சொல்லு. உன் ரோசனைய அப்புறம் சொல்லு."

கடைக்காரர் எங்களைப் பார்த்து எழுந்தார். "வாங்கம்மா. ஐயா போன் பண்ணவே இல்லீங்களே. பக்கெட்டு எத்தன எடுத்து வெக்கட்டுங்?"

"அவருக்கில்லீங்க. எனக்கு."

"உங்களுக்குங்களா?"

"என் வண்டிக்கு."

அவர் குனிந்து பாதிக் கதவின் வழியே வெளியே பார்த்தார். கடையில் ஏற்கெனவே நின்றிருந்த பருத்த லாரி ஓட்டுநர் ஒருவரும் பார்த்தார். "ஏனுங்க்கா, இது பண்ணைக்குத் தீவனம் ஏத்தறதுக்குங்களா?" என்று சிரித்தார்.

"ஆமாங்க. ஒரு மூட்டதான் தாங்குமாம். நீங்க கிட்ட வராம நில்லுங்க."

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு 20W-50 என்று போட்ட ஒரு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். "நம்மூரு வெயிலுக்கு இருபது அம்பது போடுங்கம்மா. கெட்டியா நிக்கும். மைலேஜு கொஞ்சம் கொறையும், ஆனா எஞ்சினு நிக்குமுங்க."

அம்மா என்னைப் பார்த்தார். நான் வாசித்தேன். இந்த எஞ்சினுக்கு 5W-30 தரமுள்ள முழுச் செயற்கை ஆயிலை மட்டுமே பயன்படுத்த வேண்டும். உற்பத்தியாளரின் இன்ன எண் கொண்ட ஒப்புதலை அது பெற்றிருக்க வேண்டும். முதல் எண், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஆயில் எத்தனை எளிதாக ஓடுகிறது என்பதையும், இரண்டாம் எண், சூடேறிய பின் எத்தனை கெட்டியாக இருக்கிறது என்பதையும் குறிக்கும். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் தண்டு மிக வேகமாகச் சுழல்வதால் எஞ்சினை இயக்கிய உடனே ஆயில் அங்கே போய்ச் சேர்ந்தாக வேண்டும். டீசல் வண்டி ஆயிலில் சேர்க்கப்படும் சில பொருள்கள் இந்த வகைப் பெட்ரோல் எஞ்சினில், குறைந்த வேகத்தில் பாரம் ஏறும்போது, எரிபொருளை நேரத்துக்கு முன்பே எரியச் செய்துவிடக்கூடும். அதனால் பிஸ்டன் உடையலாம்.

"பிஸ்டன் ஒடையும்னா போட்டிருக்குது?" என்றார் லாரி ஓட்டுநர். இப்போது அவர் சிரிக்கவில்லை.

"உடையலாம் என்று போட்டிருக்கிறது" என்றேன்.

கடைக்காரரிடம் 5W-30 ஆயிலில் இரண்டு வகை இருந்தன. இரண்டையும் கையில் வாங்கிப் பின்பக்கத்துப் பொடியெழுத்தைப் படித்தேன். ஒன்று, குறிப்பிட்ட அந்தத் தேவைக்குப் பொருந்தும் என்று மட்டும் சொன்னது. மற்றொன்று, ஒப்புதல் பெற்றது என்று எண்ணோடு சொன்னது. கையேட்டின் எண்ணும் டப்பாவின் எண்ணும் ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப்போயின. அம்மாவிடம் சொன்னேன். அவர் ஒப்புதல் பெற்றதில் ஐந்து லிட்டர் ஒன்றும் ஒரு லிட்டர் ஒன்றும் எடுக்கச் சொன்னார். கடைக்காரர் மாதிரிப் புட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்து முகம் சுளித்தார்.

"தண்ணியாட்டம் இருக்குதுங்கம்மா."

"இருக்கட்டுங்க" என்றார் அம்மா.

வீட்டுக்கு வரும் வழியில் மறுநாளைப் பற்றிச் சொன்னார். விடியற்காலையில் கொல்லிமலைக்குப் போகிறார். மலைச்சாலையில் அந்தக் காரை ஓட்டிப் பார்க்க வேண்டுமென்பதற்காகவே அதை வாங்கினாராம். நானும் வர வேண்டுமாம். எனக்குத் திங்கட்கிழமை காலையில் வகுப்பு இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும், வருகிறேன் என்றேன்.

எங்கள் வீட்டில் நிழல் உள்ள ஒரே இடம் லாரிக் கொட்டகைதான். அம்மா காரை அங்கே குழிமேல் நிறுத்தி, பூட்டாமல் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டார். பக்கத்தில் அப்பாவின் புதிய பன்னிரண்டு சக்கர லாரி நின்றது. சாப்பிட்டு முடித்ததும் அம்மா உள்ளறையில் படுத்துக்கொண்டார். பண்ணைக்குப் போகக் காலை நான்கு மணிக்கே எழுகிற உடம்பு.

நான்கரை மணிக்குக் காப்பி கலந்து எடுத்துக்கொண்டு அப்பாவைத் தேடிக் கொட்டகைக்குப் போனேன்.

முதலில் எலுமிச்சையைத்தான் பார்த்தேன். காரின் முன்சக்கரத்தின் கீழ் ஒன்று. பிறகு சூடம், குழியின் விளிம்பில், அணையும் நிலையில். காரின் பானெட் திறந்திருந்தது. குழிக்குள் இருந்த அகலத் தட்டில் தேன்நிற ஆயில் தேங்கியிருந்தது. பீப்பாயின் கைப்பம்புக்குக் கீழே வைத்திருந்த குவளையை எடுத்துவந்து, புனலில் சாய்த்துக்கொண்டு, அப்பா எஞ்சினின் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் பூசை நேரத்தில் இருப்பதுபோல் இருந்தது.

காப்பிக் குவளையை எங்கே வைத்தேன் என்பது இன்றும் நினைவில்லை.

"என்ன சாமி அப்பிடிப் பாக்கற" என்றார் அப்பா, திரும்பாமலே. "முடிஞ்சுது. ஒரு அரை லிட்டர்தான் பாக்கி."

"அப்பா, இது டீசல் ஆயில்."

"ஆயில்ல என்ன டீசலு, பெட்ரோலு. நம்மூட்டு வண்டி ஒண்ணாவது இந்த ஆயில்ல எஞ்சின் இறுகிச் சீசாயிருக்குதா? சொல்லு. காத்தால மலைக்குப் போறாளாமே. கம்பெனிக்காரன் ஊத்துன தண்ணிய நம்பி மலை ஏத்தி உட முடியுமா? நீயே தொட்டுப் பாரு." தட்டில் தேங்கியிருந்ததில் விரலைத் தொட்டு என் பக்கம் நீட்டினார். "டிக்கில வேற ரெண்டு டப்பா கெடந்துச்சு, அதுவும் தண்ணி. நாளைக்குத் திருப்பிக் குடுத்துக்கலாம்."

எங்கள் டப்பாக்கள் இரண்டும் கொட்டகை மேசைமேல் பழைய பெல்ட்டுகளுக்கு நடுவே இருந்தன.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீயும் சொல்லாத. மலை ஏறி எறங்கி, வண்டி நல்லா இழுக்குதுன்னு அவ வாயாலயே சொல்லட்டும். அப்பறம் நான் சொல்லிக்கறேன்." குவளையை வைத்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்தார். "இத்தன நாளா ஒரு வார்த்தை கேக்கலயே சாமி அவ. வண்டி இந்த ஊட்லதான நிக்குது." பிறகு சட்டென்று குரல் மாறி, "அம்மா தலமாட்டுல சாவி இருக்கும். எடுத்துட்டு வா. ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி ஆயில மேல ஏத்தி உட்டாப் போதும்" என்றார்.

நான் வீட்டுக்குள் போனேன். சாவி தலையணைக்கு அருகில் இருந்தது. எடுத்துக்கொண்டேன். அம்மா ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். காலையில் கடையில் நான் வாசித்துச் சொன்ன வாக்கியம் முழுமையாக எனக்குள் ஓடியது. எஞ்சின் இன்னும் ஓடவில்லை. ஓடாதவரை அந்த ஆயில் அடியில் தேங்கித்தான் இருக்கும், இறக்கிவிடலாம். இந்தச் சாவி கொட்டகைக்குப் போய்விட்டால் இறக்க முடியாத இடங்களுக்கெல்லாம் அது போய்விடும். மறுநாள் அம்மா அதோடு மலையேறுவார். ஏதாவது ஆனால் காரும் போகும். எதனால் ஆனது என்று அம்மா அறியும் நாளில் அதைவிடப் பெரிதாக ஏதோ ஒன்றும் போகும்.

வீட்டில் இருவருக்கும் நடுவில் நான் எப்போதும் பேசியதில்லை. அதற்காக என்னை இருவரும் மெச்சியிருக்கிறார்கள். அம்மாவின் தோளைத் தொட்டேன்.

"அம்மா. அப்பா உங்கள் காரின் ஆயிலை இறக்கிவிட்டுப் பீப்பாய் ஆயிலை ஊற்றியிருக்கிறார். எஞ்சினை இன்னும் ஓட்டவில்லை. சாவி என்னிடம் இருக்கிறது."

அவர் எழுந்து உட்கார்ந்தார். கூந்தலை முடிந்துகொண்டார். முகம் கழுவினார். அழுவார் என்று நினைத்தேன், இல்லாவிட்டால் கத்துவார் என்று. இரண்டும் நடக்கவில்லை. சாவியை என் கையிலிருந்து வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார். நான் பின்னால் போனேன்.

அப்பா எங்கள் இருவரையும் பார்த்தார். என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை. "இந்தா பாரு, மலைக்குப் போற வண்டின்னுதான்..." என்று தொடங்கினார்.

அம்மா காரின் பக்கமே போகவில்லை. மேசைமேல் இருந்த ஐந்து லிட்டர் டப்பாவை எடுத்தார். நேராகப் போய்ப் புதிய லாரியின் முன்பக்கத் தகட்டைத் தூக்கி நிறுத்தினார். ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றிப் புடவை முந்தானையில் முடிந்துகொண்டார். இதையெல்லாம் அவர் எப்போது கற்றார் என்று எனக்குத் தெரியாது. டப்பாவைத் தூக்கித் தொடையில் முட்டுக்கொடுத்தார்.

"ஏ, என்ன பண்ற நீ?" என்றார் அப்பா.

"ஆயில் ஊத்தறேனுங்க."

"அது எதுக்கு அந்த வண்டிக்கு?"

"மலைக்குப் போற வண்டிக்கு மட்டுந்தான் நல்ல ஆயில் ஊத்தோணுமாங்க? ஒப்புதல் வாங்குன ஆயிலு. புள்ள படிச்சுப் பாத்துத்தான் எடுத்தோம்."

"அதெல்லாம் இதுக்கு ஆகாது. முப்பது டன்னு இழுக்கற வண்டி அது. இந்தத் தண்ணிய ஊத்துனா பேரிங்கு போயிரும். எஞ்சினு சீசாயிருமே."

"ஊட்டு ஆயிலுதானுங்க. என் வண்டியும் இந்த ஊட்லதான நிக்குது."

டப்பா சாய்ந்தது. ஒரு நாக்கு அளவு ஆயில் வழிந்து லாரியின் முன்கம்பியில் விழுந்து கீழே இறங்கியது. அப்பா ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. தம் உள்ளங்கையை எஞ்சினின் வாய்மேல் வைத்து அடைத்துக்கொண்டார்.

"வேண்டாம். வண்டிக்கு வண்டி வேற. உனக்குத் தெரியாதா அது?"

"எனக்குத் தெரியுமுங்க" என்றார் அம்மா.

அப்பா கையை எடுக்கவில்லை. வழிவதை மட்டும் நிறுத்திய அம்மா டப்பாவைக் கீழே வைக்கவில்லை. நான் டப்பாவின் வாயைப் பார்த்தேன். மூடிக்கு அடியில் இருக்கும் வெள்ளித்தாள் முழுமையாகக் கிழிக்கப்பட்டிருந்தது. மிரட்டுவதற்காக என்றால் அதைக் கிழித்திருக்க வேண்டியதில்லை. அம்மா ஊற்றியிருப்பார். இருபத்திரண்டு வயதுவரை நான் ஒரே வீட்டில் பார்த்துவந்த ஒருவர், அந்த லாரியின் எஞ்சினுக்குள் அதை ஊற்றியிருப்பார். குழியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன்.

கடைசியில் அப்பாதான் நகர்ந்தார். லாரியின் மூடிக்காகக் கையை நீட்டினார். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தார். அவர் அதை இறுக மூடி, கம்பியில் வழிந்ததைத் துடைத்துவிட்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காரின் கீழே குழிக்குள் இறங்கினார்.

பீப்பாய் ஆயில் இறங்க வெகுநேரமானது. கெட்டியாக, நூலாக இறங்கியது. கடைசியில் சொட்டுச் சொட்டாக நின்றபோது அம்மா ஒரு லிட்டர் டப்பாவைத் திறந்து பாதியை மேலிருந்து ஊற்றி, உள்ளே ஒட்டியிருப்பதைக் கழுவி இறக்கினார். கீழிருந்து அப்பா, "இன்னொருக்கா ஊத்து, இன்னும் கெட்டியாத்தான் வருது" என்றார். அம்மா மீதியையும் ஊற்றினார். "இப்பச் சரி" என்று குரல் வந்தது. அவர் விரலில் தேய்த்துப் பார்த்திருக்க வேண்டும்.

அவர் மேலே வந்ததும் அம்மா ஐந்து லிட்டர் டப்பாவை அவரிடம் நீட்டினார்.

"நீங்களே ஊத்துங்க. எனக்குத் தோள் வலிக்குது."

அப்பா டப்பாவை வாங்கினார். சூடம் அணைந்து போயிருந்தது. அதை மறுபடி ஏற்ற அவர் முயலவில்லை. புனலில் மெதுவாக ஊற்றினார். கையேட்டில் இருந்த அளவை நான் வாசித்துச் சொன்னேன். அந்த அளவில் அவர் நிறுத்தினார். அம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து உள்ளே உட்கார்ந்து எஞ்சினை இயக்கினார். சீரான, தாழ்ந்த ஒலி. அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்குக் கொட்டகைக்குப் போனேன். வகுப்புக்கு வரமாட்டேன் என்று தோழிக்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தேன். அதற்குமுன் நான் அப்படி அனுப்பியதில்லை. அம்மா பானெட்டைத் திறந்து வைத்திருந்தார். அளவுக்குச்சியை உருவித் துடைத்து, மீண்டும் செருகி உருவி, கைப்பேசி வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னார். ஆயில் இரண்டு கோடுகளுக்கும் நடுவில், மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றது. சொன்னேன்.

அப்பா சட்டை மாற்றி, தலை வாரி, பீப்பாயின் அருகே நின்றுகொண்டிருந்தார். யாரோ ஓட்டுநரோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். "லோடு மத்தியானம் பாத்துக்கலாம். ஊட்டுக்காரம்மா வண்டில கொல்லிமலைக்குப் போறேன்." போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். "எடமிருக்குதா?"

"பின்னாடி ஏறுங்க" என்றார் அம்மா.

எந்த வண்டியிலும் பின்னிருக்கையில் உட்கார்ந்து பழக்கமில்லாத அப்பா குனிந்து, முழங்காலை மடக்கி ஏறினார். நான் அளவுக்குச்சியைத் துணியால் துடைத்துச் செருகி, பானெட்டை மூடி, அம்மாவின் செருப்பை நகர்த்திவிட்டு முன்னால் உட்கார்ந்தேன்.